உதவ வந்தவர் முதலில் கற்பது: செனகல் கிராமத்தில் ஒரு தொண்டரின் வாழ்வு

ஊரை விட்டு வெளிக்கிட்டு, வேறோர் ஊரில் தறப்பாளின் கீழ் வாழ்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சிலர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. அந்த நாட்களில் உதவி கொண்டு வந்த பலரை நாம் பார்த்தோம். வாகனத்தில் வந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு, அன்று மாலையே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஊரோடு தங்கி, ஊராரின் மொழியைப் படித்து, அவர்களுடைய சாப்பாட்டைச் சாப்பிட்டு வாழ்கின்ற வேறொரு வகையினரும் உலகில் உண்டு. அவர்களைத்தான் வெளிநாட்டுத் தொண்டர்கள் என்கிறோம்.

இவர்கள் யார்? ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள்? கொடுப்பது என்ன, பெறுவது என்ன? இவற்றை விளங்கிக்கொள்ள, மேற்கு ஆபிரிக்காவில் உள்ள செனகல் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போய் வருவோம். அங்கே உதவி பெறுபவர்களும் நம்மைப் போன்ற கமக்காரர்கள்தான். அடுத்த வீட்டுக் கதையைக் கேட்கும்போது சில வேளைகளில் நமது வீட்டுக் கதை தெளிவாகிறது.

தொண்டர் என்பவர் யார்?

பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டு, இளைஞர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டுக்கு அனுப்பும் வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில் 1961 மார்ச் 1ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி 'பீஸ் கோர்' எனப்படும் சமாதானப் படையை ஏற்படுத்தினார். பெயரில் படை இருந்தாலும் கையில் ஆயுதம் இல்லை. யப்பான் 1965இலும் ஐக்கிய நாடுகள் சபை 1970இலும் இவ்வாறான திட்டங்களைத் தொடங்கின. சமாதானப் படையின் முதலாவது குழுக்களில் ஒன்று 1961இல் கானாவுக்குப் போனது. 1962இல் அப்போது சிலோன் என அழைக்கப்பட்ட நமது நாட்டுக்கும் தொண்டர்கள் வந்தார்கள். செனகலுக்கு 1963இல் போனார்கள். இதுவரை 2,40,000க்கும் மேற்பட்டோர் 140க்கும் அதிகமான நாடுகளில் இவ்வாறு பணியாற்றியிருக்கிறார்கள்.

ஒரு நாடு அழைத்தால் மாத்திரமே இவர்கள் அங்கே போகலாம். முதலில் ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சி, அதன் பின் இரண்டு ஆண்டுச் சேவை. இவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல. அந்த ஊர் மக்களைப் போல வாழ்வதற்கான படி. ஒருவர் வாகனம் வைத்துக்கொள்வதில்லை. பலர் துவிச்சக்கரவண்டியில் போகிறார்கள். பலர் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த கையோடு வருகிறார்கள். மண்வெட்டி பிடித்து அறியாதவர்களும் அவர்களுள் உண்டு. இதை நாம் மனதில் வைத்துக்கொள்வோம். கமம் தெரியாத ஒரு பிள்ளை, பரம்பரைக் கமக்காரர்களுக்கு உதவ வருகிறது. இது எப்படிச் சரிவரும்?

முதற் பாடம்: சுகம் விசாரித்தல்

செனகல் 1960இல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாடு. அரச மொழி பிரெஞ்சு. ஆனால் கிராமத்துக் கிணற்றடியில் பிரெஞ்சு உதவாது. அங்கே வொலொப், செரெர், புலார், மண்டிங்கா போன்ற மொழிகள் பேசப்படுகின்றன. ஆகவே பயிற்சிக் காலத்தில் தொண்டர் ஒரு குடும்பத்தோடு தங்கி, சிறு பிள்ளையைப் போல மொழி படிக்கிறார்.

முதலில் படிப்பது சுகம் விசாரிக்கும் முறை. அங்கே ஒருவரைக் கண்டதும் நேரே விடயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு. சலாம் சொல்லி, கை கொடுத்து, "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்க வேண்டும். வொலொப் மொழியில் அதற்கு மறுமொழி "மாங்கி ஃபி ரெக்" என்பது. 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்பது அதன் பொருள். பின்னர் "வீட்டார் எங்கே?" என்று கேட்பார்கள். "அவர்கள் அங்கே இருக்கிறார்கள்" என்பது மறுமொழி. 'எல்லோரும் சுகம்' என்பதையே இப்படிச் சொல்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதுதான் சுகம் என்று அந்த மொழி எண்ணுகிறது போலும். இதன் அருமை இடம்பெயர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை, திட்டம், கூட்டம் என்று அவசரத்தோடு வரும் இளைஞருக்கு இது முதலில் நேர விரயமாகத் தோன்றும். பத்து வீட்டைக் கடந்து தோட்டத்துக்குப் போகப் பத்து முறை நின்று விசாரிக்க வேண்டும். சில மாதங்கள் போன பின்தான், அந்த நிற்றலே தமது வேலையின் அத்திவாரம் என்பது அவருக்கு விளங்கும். விசாரிக்காமல் போகிறவரின் பேச்சை ஊரில் யார் கேட்பார்கள்?

தங்கும் குடும்பம் அவருக்குத் தமது ஊர்ப் பெயர் ஒன்றைச் சூட்டும். பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் வம்சப் பெயரும் சேர்ந்து வரும். அன்று தொடக்கம் அவர் அந்த வீட்டுப் பிள்ளை. தெருவில் சிறுவர்கள் "துபாப், துபாப்" என்று கூவுவார்கள். வெள்ளைக்காரர் என்று பொருள். ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும் நாளில்தான் தொண்டருக்கு மனம் ஆறுகிறது.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

விடியுமுன் பள்ளிவாசலின் தொழுகை அழைப்புக் கேட்கும். செனகல் மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். அதனை அடுத்து உரலில் உலக்கை விழும் சத்தம். பெண்கள் கம்பு தானியம் குற்றுகிறார்கள். சுளகும் உரலும் உலக்கையும் நமது பாட்டிமாரின் வீட்டிலிருந்து கொண்டுபோனவை போலவே இருக்கும்.

காலையில் கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் அள்ளிக் குளிப்பு. பின்னர் பாண் துண்டும், கின்கெலிபா என்ற காட்டுச் செடியின் இலை போட்டுக் காய்ச்சிய பானமும். வெயில் ஏறுமுன் வேலைக்குப் போக வேண்டும். அங்கே மழை யூன், யூலையில் தொடங்கி ஒக்ரோபர் அளவில் நின்றுவிடும். மழைக்காலத்தில் கம்பு, சோளம், கச்சான் விதைப்பு, எல்லோரும் வயலில். மற்றைய எட்டு மாதமும் வானம் வறண்டிருக்கும். அப்போது கிணற்று நீரில் பெண்கள் சங்கங்கள் செய்யும் மரக்கறித் தோட்டமும் மர நாற்றுமேடையுமே தொண்டரின் வேலைக்களம். பொலித்தீன் பைகளில் மண்ணும் எருவும் நிரப்புதல், விதை இடுதல், மாங்கன்றுக்கு நல்லினத் தண்டை ஒட்டுதல், கூட்டெரு அடுக்குதல் என்று காலை கழியும்.

மதியத்தில் வெயிலில் நிற்க முடியாது. சாப்பிட்டு நிழலில் இருப்பார்கள். அப்போது 'அத்தாயா' எனப்படும் பச்சைத் தேயிலைத் தேநீர் கரி அடுப்பில் கொதிக்கும். அதே தேயிலையில் மூன்று முறை காய்ச்சி மூன்று சுற்றுக் கொடுப்பார்கள். முதற் சுற்றுக் கசக்கும். கடைசிச் சுற்று இனிக்கும். முடிய இரண்டு மணித்தியாலம் கூடப் பிடிக்கலாம். ஊரின் செய்தியும் சண்டையும் சமாதானமும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. ஒரு கமக்காரர் தமது காணியின் உண்மையான பிரச்சினையைக் கூட்டத்தில் சொல்வதில்லை. இரண்டாவது சுற்றுத் தேநீரின்போது சொல்வார்.

இரவில் கம்புச் சோறு. பின்னர் நுளம்பு வலைக்குள் படுக்கை. அந்த நேரத்தில்தான் வீட்டு நினைவு வரும். நோய் வந்தால் இன்னும் அதிகமாக வரும். முன்பு கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. ஆயினும் தாயின் குரலைக் கேட்டபின் தனிமை கூடுவதும் உண்டு. இதுவும் நாம் அறிந்ததுதான்.

ஒரே தட்டில் சாப்பாடு

செனகலில் வீட்டார் பெரிய வட்டத் தட்டு ஒன்றைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிறார்கள். மதியத்தில் பெரும்பாலும் குறுணல் அரிசிச் சோறும் மீனும். இந்தக் குறுணல் பழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து அரிசி இறக்கியதால் ஊன்றியது. வலக்கையால், தமக்கு முன்னுள்ள பங்கை மட்டும் சாப்பிட வேண்டும். மீனும் மரக்கறியும் நடுவில் இருக்கும். வீட்டுத் தாய் அவற்றைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் போடுவார். விருந்தாளிக்கு நல்ல துண்டு விழும். வீதியால் போகிறவரையும் "வா, சாப்பிடு" என்று கூப்பிடுவார்கள். இந்த விருந்தோம்பலை அவர்கள் 'தெராங்கா' என்கிறார்கள். தமது நாட்டின் பெருமை அதுவே என்று சொல்வார்கள்.

தொண்டர் தமது பங்குச் செலவை வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். ஆனாலும் அறுவடைக்கு முந்திய மாதங்களில், களஞ்சியம் வெறுமையாகி, தட்டில் சோறு குறையும் காலத்தில், தமக்கு முன்னே வந்து விழும் மீன் துண்டைப் பார்த்து அவர் கூசிப்போவார். 'உதவ வந்தவன் நான். இவர்கள் அல்லவா எனக்கு ஊட்டுகிறார்கள்?' என்ற கேள்வி எழும்.

இந்தக் கேள்வி நல்லது. வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் வீட்டுத் தாயின் மனம் நோகும். ஏனெனில் கொடுப்பதற்கு ஒன்று இருப்பது அவருடைய கௌரவம். வாங்கிக்கொள்வதும் ஒரு மரியாதைதான் என்பதைத் தொண்டர் அங்கே படிக்கிறார். நிவாரண வரிசையில் நின்ற நமக்கு இதன் மறுபக்கம் தெரியும். வாங்க மட்டும் விடப்பட்டு, கொடுக்க வழியில்லாமல் இருப்பதுதான் மனிதரைக் கூனச் செய்கிறது. முகாமுக்கு வந்தவருக்கு ஒரு கோப்பை தேநீராவது கொடுக்க வேண்டும் என்று அந்தரப்பட்ட தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அது வீண் ஆடம்பரம் அல்ல.

மழையில் இலை உதிர்க்கும் மரம்

கமம் தெரியாத தொண்டருக்குக் கமக்காரர் எதைப் படிப்பிக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்வோம். செனகலின் வயல்களில் 'காத்' என்றொரு முள்மரம் நிற்கிறது. மற்ற மரங்கள் மழைக்குத் துளிர்க்க, இது மழை தொடங்கும்போது இலையை உதிர்க்கும். வறட்சியில் பச்சையாக நிற்கும். புதிதாக வருபவர் மழைக்காலத்தில் இதைப் பார்த்தால் பட்ட மரம் என்றே எண்ணக்கூடும்.

அதன் கீழே பயிரிட்ட கம்பு மற்ற இடத்தை விடச் செழிக்கும். காரணம் என்ன? பயிர் வளரும் காலத்தில் மரத்தில் இலை இல்லாதபடியால் வெயில் தடைப்படுவதில்லை. உதிர்ந்த இலை மண்ணுக்கு எரு. அவரைக் குடும்பத்து மரமாகையால் காற்றிலுள்ள நைதரசனையும் மண்ணில் சேர்க்கிறது. வறண்ட மாதங்களில் மாடுகள் அதன் நிழலில் படுத்துச் சாணம் போடுகின்றன. அதன் காய்களைத் தின்கின்றன. செரெர் இனக் கமக்காரர் பல தலைமுறையாக இந்த மரத்தை வயலில் விட்டுக் காத்து வந்தார்கள்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏற்றுமதிக்காகக் கச்சான் செய்கை பெருகியது. 1885இல் டக்காருக்கும் செயின் லூயிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய புகையிரதம் கச்சான் மூட்டைகளைத் துறைமுகத்துக்கு ஏற்றியது. காணிக்கு ஓய்வு குறைந்தது, மரங்கள் அழிக்கப்பட்டன, மண் களைத்தது. 1968 முதல் சில ஆண்டுகள் நீடித்த பெரும் வறட்சி இந்த நிலத்தை இன்னும் வாட்டியது. இன்று நிபுணர்கள் 'மரத்தோடு பயிர்' என்று படிப்பிப்பது, அந்தக் கிழவர்கள் முன்பே செய்துவந்ததைத்தான். ஆகவே நல்ல தொண்டர் தமது கையேட்டைத் திறக்குமுன் வயலில் நிற்கும் மரத்தைக் காட்டி, "இதை ஏன் வெட்டாமல் விட்டீர்கள்?" என்று கேட்கிறார்.

நமது முருங்கை அங்கே

அப்படியானால் வெளியிலிருந்து வருபவரால் ஒரு பயனும் இல்லையா? உண்டு. அதற்கும் ஓர் உதாரணம்.

செனகலில் 'நெபெடாய்' என்ற மரம் வேலியெங்கும் நிற்கும். அது வேறொன்றும் அல்ல, நமது முருங்கைதான். இந்தியப் பகுதியில் தோன்றி ஆபிரிக்காவுக்குப் போனது. வெட்ட வெட்டத் துளிர்ப்பதால், ஆங்கிலத்தில் 'சாவே இல்லை' எனப் பொருள்படும் 'நெவர் டை' என்ற சொல்லே இப்பெயராயிற்று என்று சொல்வதுண்டு. அதன் இலையில் கச்சானும் சேர்த்துச் சமைத்துக் கம்புச் சோற்றோடு சாப்பிடுவார்கள். ஆனால் பல இடங்களில் இலையை அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் அவிப்பார்கள். சத்தின் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். இலை அதிகம் கிடைக்காத காலத்தில் பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவும் ஏற்படும்.

1990களின் பிற்பகுதியில் சேர்ச் வேர்ல்ட் சேர்விஸ் என்ற அமைப்பின் லோவெல் ஃபூக்லி என்பவர் செனகலில் முருங்கையிலைத் தூளைப் பற்றிப் பரப்பினார். 1999இல் ஒரு நூலும் வெளிவந்தது. சமாதானப் படைத் தொண்டர்களும் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார்கள். முறை இலகுவானது. இலையைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிக் காய விட வேண்டும். வெயிலில் காய்ந்தால் விற்றமின் ஏ சத்து அழியும். காய்ந்த இலையை உரலில் இடித்து அரிதட்டில் அரித்து, ஈரம் படாத போத்தலில் வைக்கலாம். சமைத்து இறக்கிய உணவில் ஒரு கரண்டி தூவினால் போதும். இலைக்காகவே செய்கை பண்ண விரும்பினால், ஆழக் கொத்தி எருவிட்ட பாத்தியில் நான்கு அங்குல இடைவெளியில் விதையை நெருக்கமாக ஊன்றலாம். செடி இடுப்பளவு வளர்ந்ததும் அடியில் சிறிது விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

இது ஏன் பல வீடுகளில் ஏற்கப்பட்டது? மரம் ஏற்கெனவே ஊரில் இருந்தது. உரல் இருந்தது, இடிக்கும் கையும் இருந்தது. வெளியிலிருந்து வந்தது ஒரு சிறிய அறிவு மட்டும். வாங்க வேண்டிய இயந்திரம் இல்லை; பழுதானால் திருத்த ஆளைத் தேட வேண்டியதும் இல்லை. உதவி நிலைப்பதற்கு இது நல்ல அளவுகோல்.

சோர்வும் தோல்வியும்

எல்லாம் இப்படிச் சரிவருவதில்லை. ஆர்வத்தோடு நட்ட நூறு கன்றுகளை ஆடுகள் ஒரே கிழமையில் மேய்ந்துவிடும். வறண்ட காலத்தில் ஆடுகள் அவிழ்த்து விடப்படும் என்பது ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும், தொண்டர் கேட்கவில்லை. அடுத்த முறை முதலில் முள்வேலி, பிறகு கன்று. கிளுவை நட்டு வேலி கட்டத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரலாம்.

கூட்டத்துக்கு எல்லோரும் 'வருகிறோம்' என்பார்கள். மூன்று பேர் வருவார்கள். விதை கொடுத்தால் வாங்குவார்கள், விதைக்க மாட்டார்கள். மழை பொய்த்தால் இழப்பு கமக்காரருக்குத்தான். தொண்டருக்கு வீடு திரும்பப் பயணச் சீட்டு இருக்கிறது. ஆகவே புதிய விதையை முழு வயலிலும் இட மறுப்பவர் அறிவில்லாதவர் அல்லர். பிள்ளைகளின் சாப்பாட்டைக் காப்பவர். ஒரு மூலையில் சிறிதாக விதைத்துப் பார்ப்போம் என்று அவர் சொன்னால், அதுவே சரியான ஆராய்ச்சி.

இந்த வேறுபாட்டை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் தொண்டர்தான் ஊரின் நம்பிக்கையைப் பெறுகிறார். இரண்டு ஆண்டு முடியும்போது பெரும்பாலானோர் தாம் கொடுத்ததை விடப் பெற்றதே அதிகம் என்று சொல்வார்கள். அது உபசாரப் பேச்சு மட்டும் அல்ல. ஒரு மொழி, ஒரு பெயர், ஒரு குடும்பம், பொறுமை ஆகியவற்றை அவர்கள் கொண்டு போகிறார்கள். ஆனால் நாம் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: ஊருக்கு என்ன மிஞ்சியது?

அவசரமாகப் புறப்பட்ட நாள்

2020 மார்ச் மாதத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு சோதனை வந்தது. கொரோனா நோய் பரவியதால் சமாதானப் படை 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தொண்டர்களையும் திருப்பி அழைத்தது. 1961இலிருந்து அதுவரை எல்லா நாடுகளிலிருந்தும் ஒரே தடவையில் அழைத்தது கிடையாது. ஊராரிடம் முறையாக விடைபெறவும் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. பாதி வளர்ந்த நாற்றுகளை, கொடுத்த வாக்கை விட்டுவிட்டு ஒரு பையோடு புறப்பட்டார்கள். அவ்வாறு புறப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது என்பதே வேறுபாடு. 2022இல்தான் தொண்டர்கள் மீண்டும் நாடுகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

தொண்டர் ஒருவரே தண்ணீர் ஊற்றிய நாற்றுமேடை, அவர் போன கிழமையே வாடும். பெண்கள் சங்கம் முறை வைத்து ஊற்றிய நாற்றுமேடைக்கு அவர் போனது பெரிய குறையாக இராது. ஒட்டுக் கட்டத் தொண்டருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அறிவும் அவரோடு விமானம் ஏறிவிடும். ஊர் இளைஞர் இருவர் கத்தியைப் பிடித்துப் பழகியிருந்தால், அது ஊரில் தங்கும். நல்ல தொண்டர் வந்த நாளிலிருந்தே தாம் போகும் நாளுக்காக வேலை செய்கிறார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நாம் உதவி பெறும் இடத்தில் இருந்தவர்கள். வெளியிலிருந்து ஒருவர் நமது ஊருக்கு வந்தால், கை நீட்டுவதோ கதவைச் சாத்துவதோ மட்டும்தான் வழி என்று எண்ண வேண்டாம். மூன்றாவது வழி உண்டு. அவரை இருத்தி, தேநீர் கொடுத்து, நமது காணியைச் சுற்றிக் காட்டுவோம். எந்த மழைக்கு எதை விதைத்தோம், எந்த மரத்தை ஏன் விட்டுவைத்தோம் என்று சொல்லுவோம். காணியைப் பிரிந்திருந்தாலும் அந்த அறிவு நம்மோடுதான் இருக்கிறது. அதை யாரும் நிவாரணமாக நமக்குத் தரவில்லை. அது நாம் கொடுக்கக்கூடியது.

அதன் பின் அவர் சொல்வதையும் கேட்போம். சிறு மூலையில் செய்து பார்ப்போம். சரிவந்தால் நமது கையால் நமது பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊருக்கு வந்த உதவிகளில் இன்றும் நிலைத்திருப்பது எது? கைவிடப்பட்டது எது? காரணம் என்ன?

2. உதவ வந்தவர் நம்மிடம் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் கேட்காத கேள்வி எது?

3. நமது முதியவர்களுக்கு மட்டும் தெரிந்த கமத்தொழில் அறிவு எது? அதை யார் படித்துக்கொள்கிறார்கள்?

4. நமது குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது? அவர் நாளை ஊரில் இல்லாவிட்டால் அதை யார் செய்வார்?